வாடையில் கறுப்பு

நேற்று இரவு பத்தே காலுக்கு
இழுவைப்படகின் விலாவுக்குக் கறுப்பு அடித்தேன்.
பத்தரைக்கு அது
பால் கலந்த தேத்தண்ணி.

கை படவில்லை. தூசி விழவில்லை.
கிண்ணத்தில் இருந்தது கறுப்பு,
எயார்பிரஷின் ஊசிமுனை தாண்டும்போதும் கறுப்பு.
பிளாஸ்ரிக்கில் போய் உட்கார்ந்த பிறகுதான்
வெளுக்கத் தொடங்கியது,
பொய் பிடிபட்டவன் முகம்போல.

சுவரில் ஈரமானி தொண்ணூற்றிரண்டு.
உவர்மலையில் இந்த மாதம்
தீப்பெட்டி பற்றாது,
உப்புப் போத்தலைக் கவிழ்த்தாலும் கொட்டாது,
தேவகியின் பட்டச் சான்றிதழ்
சட்டத்துக்குள்ளேயே அலையடிக்கிறது.
தெரியும். தெரிந்துதான் அடித்தேன்.
சனிக்கிழமை கொழும்பில் போட்டி.

தின்னர் அவசரக்காரன்.
வந்த வேலை முடிந்ததும்
கதவைச் சாத்தாமல் பறக்கிறவன்.
போகும்போது சூட்டையும்
கையோடு எடுத்துக்கொண்டு போகிறான்.
குளிர்ந்த அந்த ஒரு கணம் போதும்,
அறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நின்ற துறைமுகம்
எழுபத்திரண்டில் ஒரு பங்கான என் படகில்
ஏறிவிடுகிறது.

பழைய பிரிட்ஜில் கழற்றிய கொம்பிரசர்.
தாங்கியின் அடித்திருகைத் தளர்த்தினேன்.
காறித் துப்பியது.
ஒரு முட்டைக்கோப்பை தண்ணீர்.
நாக்கில் வைத்துப் பார்த்தேன், ஏன் என்று கேட்காதீர்கள்.
கொஞ்சம் துரு, கொஞ்சம் எண்ணெய்.
உப்பு இல்லை.
கடல் இந்த வீட்டுக்குள் வரும்போது
உப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிறது,
செருப்பைப்போல.

குழாயில் நீர்ப்பொறி ஒன்றுக்கு இரண்டு பூட்டினேன்.
மேசைக்கு மேலே அறுபது வாற் குண்டுபல்ப்.
ஒட்டுத்துண்டில் அடித்துப் பார்த்தேன்:
தேத்தண்ணியில் பால் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

கிண்ணியாவுக்குக் கோல் எடுத்தேன்.
ஹில்மி ஓட்டோக்களுக்கு ஸ்பிரே பண்ணுகிறவன்.
முழுதாய்ச் சிரித்து முடித்த பிறகுதான் பேசினான்:
"மார்கழியிலயா? கறுப்பா?
மார்கழியில நாங்க வெள்ள மட்டுந்தான் அடிக்கிற, மச்சான்."

வெள்ளை வெளுத்தால் யாருக்குத் தெரியும்.

வெள்ளைக்கார இழுவைப்படகு ஒன்றை
உள்துறைமுகத்தில் நான் கண்டதில்லை என்றேன்.
மறுநாள் மத்தியானம் பாலம் கடந்து வந்தான்,
இருமல் மருந்துப் போத்தலில் பாதி அளவுக்கு
ஏதோ நிறமற்றதைக் கொண்டு.
"இது மெதுவாப் போற சாமான்.
சுரண்டிராத. அதுக்கு மேலயே அடி."

பெயின்ற் இல்லை. வெறும் தின்னரில்
ஹில்மியின் சாமான் பத்துக்கு ஒன்று.
அழுத்தத்தைக் குறைத்தேன். அரைச் சாண் தள்ளி,
படுகிறதா இல்லையா என்ற மாதிரி ஒரு தூறல்.
வெளியிலும் அதுதான்.
வெள்ளை நனைந்தது.
வேறொன்றும் நடக்கவில்லை.
முகக்கவசத்துக்குள் என் மூச்சு
எனக்கே மழையாய்ச் சொட்டியது.

பிறகு, முன்னணியத்தில் இருந்து,
மின்வெட்டில் தெரு அணைவதுபோல
வீடு வீடாய்
கறுப்பு திரும்பி வந்தது.

நங்கூரத்துக்குக் கீழே மட்டும்
நகக்கண் அளவு வெள்ளை மிஞ்சியது.
இரண்டு தரம் தூறினேன். போகவில்லை.
மூன்றாம் தரத்துக்குக் கை எடுத்தபோது
வழிந்துவிடும் என்று பயம் வந்தது.
விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ரயில் நான் இல்லாமல் போனது.
வார்னிஷ் இல்லாத படகை மேசையில் வைக்க விடமாட்டார்கள்,
வார்னிஷுக்குக் கச்சான் வேண்டும்.
கச்சானுக்கு இன்னும் ஐந்து மாதம்.

இப்போது அது அரிசி வாளிக்குள் இருக்கிறது,
சப்பாத்துப் பெட்டிகளில் பொறுக்கிய
ஈரமுறிஞ்சிப் பைகளுக்கு நடுவே, அரிசி இல்லாமல்.
அரிசி எங்கே என்பது
எனக்கும் தேவகிக்கும் இடையிலான விஷயம்.

ஈரமானி எண்பத்தொன்பது.
பின்னேரம் மறுபடி திருகைத் திறந்தேன், அதே முட்டைக்கோப்பை.
வீணாக்குவானேன் என்று தேவகி
கறிவேப்பிலைக்கு ஊற்றப் போனாள்.
எண்ணெய் மணக்கிறது என்று
கோப்பையோடு திரும்பி வந்தாள்.